பக்கம் சுமக்கும் பாரம்: கலப்பு ஊடகமும் கையால் கட்டிய நூலும்

கலப்பு ஊடகக் கலை என்பது ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்களை ஒரே படைப்பில் சேர்த்துச் செய்வது. வண்ணத்தோடு காகிதத் துண்டும், காகிதத்தோடு துணியும் நூலும், எழுத்தோடு நிழற்படமும், சில சமயம் காய்ந்த இலையும் பித்தளைத் தகடும் அதில் கூடும். பெயர் இருபதாம் நூற்றாண்டினது, செய்கை பழையது. தஞ்சாவூர் ஓவியத்தை எடுத்துக்கொண்டால், பலகையின் மேல் துணியை ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் குழைத்த மக்கினால் நகைகளையும் தூண்களையும் புடைப்பாக எழுப்பி, கல் பதித்து, தங்கத் தாள் ஒட்டி, கடைசியில் வண்ணம் தீட்டுகிறார்கள். ஐந்தாறு பொருள்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிய அடுக்கு வேலை அது. அத்தனையையும் தாங்குவது பலகை. பலகை வளையாது, மடங்காது, வேறொரு ஓவியத்தின் மீது முகம் வைத்துப் படுக்காது.

புத்தகப் பக்கத்தின் நிலை வேறு. அது ஒரு விளிம்பில் தைக்கப்பட்டிருக்கிறது; ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வளைகிறது; மூடினால் எதிர்ப் பக்கத்தோடு உரசுகிறது. ஆகவே கலப்பு ஊடக வேலையைக் கையால் கட்டிய நூலுக்குள் கொண்டுவருபவர் மூன்று சிக்கல்களைச் சந்திக்கிறார்: தடிமன், ஈரம், அமிலம். ஒட்டிய பொருள் பக்கத்தைத் தடிக்கச் செய்கிறது. பசையும் வண்ணமும் தாளை நனைத்துச் சுருக்குகின்றன. தவறான தாள் தானும் மக்கி, அண்டையில் இருப்பதையும் கெடுக்கிறது. இக்கலையில் இறங்கும் ஆர்வலர் கற்க வேண்டியவற்றில் பெரும்பகுதி இந்த மூன்றையும் கையாளும் வழிகள்தான்.

வீட்டு மேசையில் பிறந்த கலை

நவீன ஓவிய வரலாறு, கொலாஜ் எனப்படும் ஒட்டுச்சித்திரத்தின் தொடக்கத்தை 1912இல் வைக்கிறது. அந்த ஆண்டு பாப்லோ பிக்காசோ, பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சிட்ட மெழுகுத் துணியை ஓவியத்தில் ஒட்டிச் சுற்றிலும் கயிற்றைச் சட்டமாக வைத்தார். அதே ஆண்டில் ஜார்ஜ் பிராக், மரத்தின் ரேகை அச்சிட்ட சுவர்த் தாளை வெட்டித் தம் கரிக்கோட்டு ஓவியத்தில் ஒட்டினார். ஆனால் தாளை வெட்டி ஒட்டுவது அதற்கு வெகுகாலம் முன்பே வீடுகளில் நடந்த வேலை. ஓவியர் என்று தம்மை அழைத்துக்கொள்ளாதவர்கள், குறிப்பாகப் பெண்கள், அதில் தேர்ந்திருந்தார்கள்.

அவர்களில் முதலில் சொல்லத்தக்கவர் மேரி டெலானி. 1700இல் இங்கிலாந்தில் பிறந்த இவர், கணவரை இழந்த பின் 1772இல், 72ஆம் வயதில், தாளை வெட்டிப் பூக்கள் செய்யத் தொடங்கினார். கறுப்பு வண்ணம் பூசிய தாளின் மேல், செடியை முன்னால் வைத்துப் பார்த்தபடியே, இதழ், காம்பு, மகரந்தத் தாள் ஒவ்வொன்றையும் தனித்தனியே வெட்டி ஒட்டினார். நிழல் விழும் இடத்துக்கு அடர்ந்த நிறத்தில் ஒரு துண்டு, ஒளி விழும் இடத்துக்கு வெளிறியது ஒன்று என, ஒரே மலருக்கு நூற்றுக்கணக்கான துண்டுகள் சென்றதுண்டு. சில படங்களில் உண்மையான இலையும் ஒட்டப்பட்டிருக்கிறது. கண்பார்வை மங்கி 1782இல் நிறுத்துவதற்குள் ஏறத்தாழ ஆயிரம் படங்களை முடித்துவிட்டார். தொகுப்பேடுகளாகக் கட்டப்பட்ட அவை இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. தாவரத்தின் பெயரையும் குறித்து வைத்ததால் அவை கலையாகவும் தாவரவியல் பதிவாகவும் நிற்கின்றன.

அடுத்தவர் அன்னா அட்கின்ஸ் (1799-1871). ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்த சயனோடைப் என்னும் நீல அச்சு முறையை மறு ஆண்டே எடுத்துக்கொண்டு, பிரிட்டனின் கடற்பாசிகளைப் பற்றிய நூலைத் தயாரிக்கத் தொடங்கினார். இரும்பு உப்புக் கரைசல் தடவிய தாளின் மேல் பாசியைப் பரப்பி, வெயிலில் வைத்து, பின் தண்ணீரில் அலசினால், ஒளி பட்ட இடம் நீலமாகும். பாசி மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். பெயர்களும் முன்னுரையும் அவர் கையெழுத்திலேயே நீலத்தில் பதிந்தன. 1843 முதல் 1853 வரை பகுதி பகுதியாக வெளிவந்த இந்நூலே ஒளிப்படங்களால் ஆன முதல் நூலாகக் கருதப்படுகிறது. அட்கின்ஸ் அதை விற்கவில்லை. நண்பர்களுக்கும் அறிவியல் அமைப்புகளுக்கும் கொடுத்தார். ஒவ்வொரு தாளும் தனித்தனியே வெயிலில் செய்யப்பட்டதால் ஒரு படியைப் போல் மற்றொன்று இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்தப் பழக்கம் வீட்டுக்கு வீடு பரவியது. வண்ண அச்சுப் படங்களும் செய்தித்தாள் நறுக்குகளும் ஒட்டிய ஏடு, அதாவது ஸ்கிராப்புக், அப்போதைய குடும்பங்களின் பொதுச் சொத்து. எழுத்தாளர் மார்க் ட்வைனே பக்கங்களில் முன்கூட்டியே பசை தடவிய ஏடு ஒன்றை வடிவமைத்து 1873இல் காப்புரிமை பெற்றார். நறுக்கை வைக்கும் இடத்தை நனைத்தால் போதும்.

அச்சான புத்தகத்தையே மூலப்பொருளாகக் கொள்ளும் முறையும் உண்டு. ஆங்கில ஓவியர் டாம் ஃபிலிப்ஸ் 1966இல் லண்டனின் பழைய சாமான் கிடங்கில் மூன்று பென்ஸுக்கு ஒரு நாவலை வாங்கினார். வில்லியம் மாலக் எழுதி 1892இல் வந்த அந்த மறந்துபோன நாவலின் பக்கங்களில் வண்ணம் தீட்டியும் வெட்டி ஒட்டியும் மறைத்து, சில சொற்களை மட்டும் வெளியே விட்டார். மிஞ்சிய சொற்கள் சேர்ந்து வேறொரு கதையைச் சொல்லின. 'எ ஹ்யூமுமென்ட்' என்ற அந்தப் படைப்பை 2016இல் இறுதிப் பதிப்பு வரும்வரை ஐம்பது ஆண்டுகள் மாற்றி மாற்றிச் செய்தார். பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் ஒரு நூலே போதும் என்பதால், இன்று ஆர்வலர்கள் விரும்பித் தொடங்கும் வடிவங்களில் இதுவும் ஒன்று.

தடிமன்: கட்டுமானம் தீர்மானிப்பது

நகல் எடுக்கப் பயன்படும் சாதாரணத் தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. அத்தகைய 40 தாள்களைத் தைத்தால் நூலின் முதுகு சுமார் 4 மி.மீ. இருக்கும். ஒவ்வொரு தாளிலும் இருபுறமும் சேர்த்து 0.3 மி.மீ. அளவுக்குப் படங்களும் துணியும் ஒட்டினால், பக்கப் பகுதி 16 மி.மீ. ஆகிவிடும், முதுகு 4 மி.மீட்டரிலேயே நிற்கும். நூல் ஆப்பு வடிவம் கொண்டு வாய் பிளக்கும். அட்டையை அழுத்தினால் தையல் அறுபடும். தொடக்கநிலையினரின் நூல்களில் காணும் குறைகளில் முதன்மையானது இது. இதற்குத் தீர்வு பசையில் இல்லை, கட்டுமானத்தில் இருக்கிறது.

எளிய கட்டுமானம் ஒற்றைத் தாள் நூல். ஏ4 தாளை மும்முறை பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டங்கள் கிடைக்கும். நீளவாக்கில் ஓடும் மடிப்பில் நடு இரு கட்டங்களின் அளவுக்கு மட்டும் கீறி, கீறலை விரித்து மடித்தால், 74 × 105 மி.மீ. அளவில் எட்டுப் பக்க நூல் தையலும் பசையும் இல்லாமல் உருவாகிவிடும். கனத்த ஒட்டுவேலையை இது தாங்காது. பக்க வரிசையையும் படத்தின் ஓட்டத்தையும் பழகிப் பார்க்க ஏற்றது.

இரண்டாவது, நடுத்தையல். மடித்த தாள்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி, மடிப்பில் மூன்று துளையிட வேண்டும். நடுத் துளையில் உள்ளிருந்து வெளியே வரும் ஊசி, மேல் துளை வழியே உள்ளே சென்று, நடுத் துளையைத் தாண்டிக் கீழ்த் துளை வழியே வெளியேறி, மீண்டும் நடுத் துளையில் உள்ளே வரும். உள்ளே நீளமாக ஓடும் இழையின் இருபுறமும் அதன் இரு முனைகளையும் நிறுத்தி முடிச்சிட்டால் தையல் நெகிழாது. இவ்வாறு செருகித் தைத்த ஒரு தொகுதியே பெரிய நூல்களின் அலகு. அச்சுக்கூடங்களில் அதற்குப் பாரம் என்று பெயர்.

மூன்றாவது, விசிறி மடிப்பு. இதற்கு முதுகே இல்லாததால் தடிமன் சிக்கலும் பெரும்பாலும் இல்லை. கன்னட நாட்டின் கடதம் இவ்வகை: துணியில் புளியங்கொட்டைப் பசையும் கரித்தூளும் பூசிக் கறுப்பாக்கி, விசிறிபோல் மடித்து, வெண்ணிற மாக்கல் குச்சியால் எழுதினார்கள். ஐரோப்பாவில் இந்த மடிப்புக்கு லெபொரெல்லோ என்று பெயர். மோட்சார்ட்டின் 'டான் ஜியோவானி' இசை நாடகத்தில் தன் எசமானின் காதலிகளின் நீண்ட பட்டியலை விரித்துக் காட்டும் வேலைக்காரனின் பெயர் அது. கவிஞர் பிளேஸ் சாந்த்ராரும் ஓவியர் சோனியா டெலோனேயும் 1913இல் பாரிஸில் வெளியிட்ட சைபீரிய ரயில் பயணக் கவிதையும் ஒரு மடிப்பு நூல்தான். விரித்தால் சுமார் 2 மீட்டர் நீளும் அதில் கவிதையும் வண்ணமும் அருகருகே இறங்கிவருகின்றன.

நான்காவது, பக்கத் தையல். ஜப்பானில் நான்கு துளையிட்டு ஓரமாகத் தைக்கும் முறை பார்க்க அழகானது, கற்கவும் எளிது. ஆனால் இத்தையல் நூலை முழுதாக விரிய விடாது. துளை ஓரத்தில் ஒன்றரை சென்டிமீட்டராவது பார்வைக்கு வராமல் போகும். மெல்லிய, மென்மையான வாஷித் தாளுக்காக அமைந்த முறை இது. அந்தத் தாள் துணிபோல் வளைந்து கொடுக்கும். கனத்த வரைதாளில் இதைச் செய்ய விரும்புபவர், தையலை அடுத்து ஒவ்வொரு தாளிலும் மடிப்புக் கோடு அழுத்திவிட்டால் பக்கம் அந்த இடத்தில் ஒழுங்காக மடங்கும்.

ஐந்தாவது, சங்கிலித் தையல். எகிப்தின் காப்டிக் கிறித்தவர்களின் பெயரால் அறியப்படும் இம்முறையில் பாரங்கள் ஒன்றோடொன்று சங்கிலிபோல் கோக்கப்படுகின்றன. முதுகில் பசை தடவுவதில்லை. ஆகையால் நூல் எந்தப் பக்கத்திலும் தட்டையாக விரியும். இரு பக்கங்களையும் இணைத்து ஒரே படமாகச் செய்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. இழை தடிமனானால் முதுகும் சற்று உப்பும். பிற நூல்களில் குறையாகும் அந்த உப்பல், ஒட்டுவேலை மிகுந்த நூலில் பக்கத் தடிமனுக்கு ஈடாக நின்று பயன்படுகிறது.

எந்தத் தையலானாலும் ஈடு செய்ய ஒரு பொது வழி உண்டு. பாரத்தின் இடையிடையே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள குறும்பட்டைகளையும் சேர்த்துத் தைத்துவிடுவது அது. பட்டைகள் முதுகை மட்டும் தடிக்கச் செய்யும். பக்கப் பகுதியில் ஒட்டுவேலைக்கு இடம் விடும். பழைய ஒளிப்பட ஆல்பங்கள் இப்படித்தான் கட்டப்பட்டன. ஏற்கெனவே கட்டிய நூலில் வேலை செய்பவர், சில தாள்களை முதுகோரமாகச் சிறு பட்டை விட்டு வெட்டி எடுத்தால் அதே பயன் கிடைக்கும்.

தமிழ்நாட்டின் ஓலைச்சுவடி இந்தச் சிக்கலுக்கு வேறொரு விடை வைத்திருந்தது. ஓலையின் இரு துளைகளில் ஒன்றில் நாராசம் என்னும் கம்பியையோ குச்சியையோ செருகி, மற்றதில் கயிற்றைக் கோத்தார்கள். கயிற்றின் நுனியில் கிளிமூக்கு என்னும் சிறு துண்டு கட்டியிருக்கும். கயிற்றைத் தளர்த்தினால் ஏடுகள் விரியும். சுற்றிக் கட்டினால் இறுகும். முதுகு என்ற ஒன்று இல்லாததால் ஏட்டின் எண்ணிக்கையோ தடிமனோ கட்டைப் பாதிப்பதில்லை. மரத்துண்டு, உலோகம், தடித்த துணி போன்றவற்றைச் சேர்க்க விரும்பும் இன்றைய ஆர்வலர், தனித்தனி அட்டைகளைத் துளையிட்டுக் கயிற்றில் கோத்து மேலும் கீழும் பலகை வைக்கும் இந்த அமைப்பைத் தயக்கமின்றி எடுத்துக்கொள்ளலாம்.

ஈரம்: தாளின் போக்கறிதல்

இயந்திரத்தில் செய்த தாளில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். தாள் நனைந்தால் ஒவ்வோர் இழையும் நீளத்தைவிடக் குறுக்கில் அதிகம் உப்பும். எனவே தாள் இழைத் திசைக்குக் குறுக்காக விரியும், காயும்போது அப்படியே சுருங்கும். மடிப்பும் இழைத் திசையில் சுத்தமாக விழும். குறுக்கே மடித்தால் வெடிக்கும். நூலில் உள்ள தாள், அட்டை, உறைத் துணி எல்லாவற்றின் இழைத் திசையும் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும் என்பது கட்டுவோரின் முதல் விதி. திசையை அறிவது எளிது: தாளை இருபுறமும் மெல்ல வளைத்துப் பார்க்கும்போது எந்தப் பக்கம் எதிர்ப்பின்றி வளைகிறதோ, அந்த மடிப்புக் கோட்டின் திசையே இழையின் திசை. கையால் செய்த தாளில் இழைகள் பல பக்கமும் கலந்து கிடப்பதால் இந்தத் திசை வேறுபாடு மிகக் குறைவு.

அட்டை கோணுவதற்கும் காரணம் ஈரமே. ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால், காயும்போது அது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். மறுபக்கத்திலும் அதே அளவு தாளை ஒட்டினால் இரு இழுப்பும் சமமாகி அட்டை நிமிரும். ஒட்டிய பக்கத்தின் மேலும் கீழும் பட்டர் பேப்பர் வைத்து, கனமான எடையின் கீழ் ஓர் இரவு விடுவதும் இதற்காகவே.

பசைகளில் மாவுப் பசையும் வெள்ளைப் பசையும் முக்கியமானவை. கோதுமை மாவிலிருந்து பிரித்த ஸ்டார்ச்சைக் காய்ச்சிய பசை மெல்லக் காயும். துண்டை நகர்த்திச் சரிசெய்ய நேரம் தரும். பின்னாளில் நனைத்துப் பிரிக்கவும் முடியும். ஆனால் அதில் தண்ணீர் அதிகம் என்பதால் மெல்லிய தாள் சுருங்கும். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை விரைவில் பிடிக்கும், காய்ந்த பின்னும் வளையும், பிரிக்க முடியாது. கனத்த பொருளுக்கு அக்ரிலிக் ஜெல் உதவும். செலோடேப்பை எதற்கும் பயன்படுத்தாமலிருப்பதே நல்லது. சில ஆண்டுகளில் அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் ஊறும். பிளாஸ்டிக் மட்டும் கழன்று விழும்.

வண்ணங்களுக்கும் வரிசை உண்டு. நனைக்கும் வேலைகள் முதலில், உலர்ந்தவை பிறகு: நீர்வண்ணம், அக்ரிலிக், ஒட்டுவேலை, அதன்பின் பென்சில், கரி, பாஸ்டல். எண்ணெய் வண்ணத்தின் மேல் அக்ரிலிக் நிற்காது. அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் வண்ணம் நிற்கும். எண்ணெயை நேராகத் தாளில் தீட்டினால் நாளடைவில் தாள் நொறுங்கும் என்பதால், முதலில் ஜெஸ்ஸோ என்னும் வெள்ளைப் பூச்சைப் பூசித் தாளைக் காக்க வேண்டும். இங்க்ஜெட் அச்சில் எடுத்த படம் ஈரப் பசை பட்டால் கசியும். லேசர் அச்சில் எடுத்தது கசியாது.

அமிலம்: காலம் காட்டும் குறை

முதல் இரண்டு குறைகளும் உடனே தெரிந்துவிடும். மூன்றாவது ஆண்டுகள் கழித்தே தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாள் செய்ய மரக்கூழும், மை ஊறாமலிருக்கப் படிகாரமும் குங்கிலியமும் சேர்ந்த பூச்சும் பரவலாயின. படிகாரம் தாளில் அமிலத்தை உண்டாக்கும். அரைத்த மரக்கூழிலுள்ள லிக்னின் ஒளி பட்டுப் பழுப்பாகும். செய்தித்தாளில் லிக்னின் அதிகம். பிக்காசோவின் ஒட்டுச்சித்திரங்களில் அன்று வெளிறியிருந்த செய்தித்தாள் துண்டுகள் இன்று பழுப்பேறி, வண்ணச் சமநிலையே மாறியிருக்கிறது. பழைய பயணச்சீட்டு, சுவரொட்டித் துண்டு, நாளிதழ் நறுக்கு போன்றவற்றை நூலில் வைக்க விரும்புபவர், நல்ல தாளில் எடுத்த லேசர் நகலை ஒட்டி, மூலத்தைத் தனி உறையில் இடலாம்.

அடித்தாளுக்குப் பருத்தித் தாள் ஏற்றது. துணி ஆலைகளின் கழிவுத் துணியை அரைத்துச் செய்யும் கைத்தாளில் லிக்னின் இல்லை. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிலகம் 1959 முதல் இத்தகைய தாளைச் செய்துவருகிறது. சென்னையில் 1994இல் தொடங்கிய தாரா புக்ஸ் பதிப்பகம், பருத்திக் கழிவுத் தாளில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே ஸ்கிரீன் அச்சிட்டு, கையால் தைத்து நூல்களை வெளியிடுகிறது. கோண்டு ஓவியர்கள் பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகியோர் வரைந்த மரங்களைக் கறுப்புத் தாளில் அச்சிட்ட அதன் 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' 2008இல் இத்தாலியின் போலோனியா விருதைப் பெற்றது. கைத்தாள், கை அச்சு, கைத்தையல் மூன்றும் ஒரு நூலில் எப்படி இணைகின்றன என்பதைக் கையில் எடுத்துப் பார்த்துக் கற்க இந்நூல்கள் உதவும்.

அமிலம் இல்லாத தாள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்ற எண்ணமும் தவறு. கடையில் அமிலமற்றது என்று விற்கும் தாள்களில் பல, சுண்ணாம்புச் சத்து சேர்ந்து காரத்தன்மை கொண்டவை. சயனோடைப்பின் நீலம் காரத்தில் வெளுக்கும். அட்கின்ஸின் வழியில் இலைகளை நீல அச்செடுப்பவர், காரம் சேராத நடுநிலைத் தாளையே தேட வேண்டும். உலோகத்திலும் கவனம் தேவை: இரும்பு ஊசி துருவைக் கசியவிடும், செம்பும் பித்தளையும் களிம்பேறித் தாளைக் கறைப்படுத்தும். இலையும் பூவும் எடையின் கீழ் முழுதும் உலர்ந்த பின்பே பக்கத்தில் ஏற வேண்டும்.

வெப்பமும் பூச்சியும்

வெப்பமும் ஈரக்காற்றும் மிகுந்த கடற்கரை ஊர்களில் மேலும் இரண்டு தொல்லைகள். அக்ரிலிக் வண்ணம் காய்ந்த பின்னும் வெப்பத்தில் இளகும். எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டிலும் பூசியிருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மேலே மெல்லிய மெழுகுப் பூச்சு தேய்ப்பதோ, பக்கங்களுக்கிடையே பட்டர் பேப்பர் வைப்பதோ இதைத் தடுக்கும்.

மாவுப் பசை இராமபாணப் பூச்சிக்கு உணவு. பைண்டிங் கடைகளில் பசையோடு மயில்துத்தம் கலக்கும் வழக்கம் இதனால் வந்தது. அது பூச்சியைத் தடுக்கும்; ஆயினும் நஞ்சு என்பதோடு, அதிலுள்ள செம்பு தாளின் சிதைவையும் விரைவுபடுத்தும். வீட்டு வேலைக்கு அது வேண்டாம். தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்து, துணியில் முடிந்து சுவடிகளிடையே வைப்பார்கள். பொடி தாளில் படாமல் அலமாரியில் வைக்கும் இம்முறை கைந்நூலுக்கும் ஒத்துவரும்.

ஒட்டுவேலை மிகுந்த நூலை நிறுத்தி வைத்தால் பக்கங்களின் எடை தையலை இழுக்கும். அதைப் படுக்க வைத்து, அதன் அளவுக்குச் செய்த அட்டைப் பெட்டியில் வைப்பது நல்லது. புடைப்பு மிகுந்த பக்கங்களுக்கிடையே மெல்லிய பருத்தித் தாளைச் செருகலாம். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து காற்றாட விட்டு, பூச்சியும் பூசணமும் இருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் பார்த்தால் போதும்.